அடியில் இருந்த கை

மாவக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் கை நின்றுவிடும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று காலை கிடங்கின் நீள மேசையில் முந்நூறு டப்பாக்கள் தரம் பிரிக்கக் காத்துக்கிடந்தன. அவளோ ஒரு பட்டாணி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எதிரே அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், பசி நிவாரண சங்கத்தின் தலைவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

சங்கத்தின் இருபத்தைந்தாண்டு வரலாற்றை விழா மலராகப் போடுகிறார்கள். அதன் முதல் பக்கம் அது. பக்கம் முழுக்க அந்தப் பழைய படம். படிக்கட்டில் நிற்கும் அண்ணன், கீழே தலைவிரிகோலமாய், முகமெல்லாம் வெள்ளை பூத்துப்போன ஒரு பெண், இருவருக்கும் நடுவே ஒரு மாவு மூட்டை. படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு அங்கே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: ‘பசியோடு வந்த முதல் பெண்ணுக்கு முதல் மூட்டை. தலைவர் தம் கையால் வழங்குகிறார்.’

"மறுபடியும் இதையே போட்டுட்டியா?" என்றாள்.

"மறுபடியும் என்ன மறுபடியும்? இருபத்தஞ்சு வருஷமா போட்டுட்டுத்தானே இருக்கோம். இதாவது புஸ்தகம். புதுக் கிடங்கு சுவத்துல பத்தடி உயரத்துக்கு ஒட்டப்போறாங்க, தெரியுமா?"

"அந்தப் பொம்பளை நான்தான்."

"தெரியும்."

"மூட்டையைக் குடுத்தவளும் நான்தான்."

"மெதுவா பேசு."

மேசையைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பெண்களும் டப்பாக்களில் இல்லாத தேதிகளையெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். காலை எட்டு மணிக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும்போதுதான் மூடுவாள். அவளே அன்று வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

மெதுவா பேசு. இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அண்ணன் இருபத்தைந்து வருடத்தை ஓட்டியிருக்கிறான்.

நடந்தது இதுதான். ஊரின் நூற்பாலையை ஒரு செவ்வாய்க்கிழமை மூடினார்கள். ஆயிரத்து நூறு குடும்பம். முதல் வாரம் எல்லாரும் வீறாப்பாக இருந்தார்கள். இரண்டாம் வாரம் மின்விசிறியை விற்றார்கள். மூன்றாம் வாரம் அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவே ஆளாளுக்குக் கூசினார்கள், தன் வீட்டை அவர்களும் எட்டிப் பார்ப்பார்களே என்று. அப்போது மாவக்கா ஊரின் பெரிய பேக்கரியில் வேலை பார்த்தாள். அந்தப் பேக்கரி முதலாளியிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய ரொட்டி எல்லாவற்றின் மீதும் நீலச் சாயத் தண்ணீரை ஊற்றி, பன்றிப் பண்ணைக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்கு ஒருவனுக்குச் சும்மா கொடுத்தால் நாளைக்கு ஒருத்தனும் வாங்க வரமாட்டான் என்பது அவர் கணக்கு. நீல வாளியைத் தூக்கும் வேலை மாவக்காவுடையது.

ஆலை மூடிய பிறகும் ஒன்பது நாள் அவள் ஊற்றினாள். இதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. ஒன்பது நாள், கண்ணை மூடிக்கொண்டு, சம்பளத்துக்காக ஊற்றினாள். ஒன்பதாம் நாளுக்கு மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் குடத்தோடு நின்றிருந்தது. அதன் உதடு இரண்டும் நீலமாக இருந்தன. பின்வாசல் வழியாகப் போன பன்றிவண்டியிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறது. மாவக்கா காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் வாளி நீலம் முழுக்கச் சாக்கடைக்குப் போயிற்று. நாற்பத்தொரு ரொட்டி காலி மாவு மூட்டைக்குள் போயிற்று. பன்றிப் பண்ணைக்காரன் ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. பன்றிகளும் புகார் கொடுக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணனிடம் வந்தாள். அவன் அப்போது மருந்துக்கடை வைத்திருந்தான். மருந்துக்கடை வாசலில் நாலு பேர் கூடி நின்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அதுதான் காரணம்.

அண்ணன் முதலில் பதறினான். "எனக்குக் கடை இருக்கு, குடும்பம் இருக்கு, என்னை மாட்டிவிடாதே." ஆனாலும் வாங்கிக்கொண்டான். அந்த நியாயத்தை அவனுக்குச் செய்தே ஆக வேண்டும். தினமும் வரிசை சேர்வதற்கு முன்பே அவள் மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் வருகிறவர்களுக்கு அவன் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பான். நாலாவது நாள் ஒரு பத்திரிகைக்காரர் சீக்கிரமே வந்து தொலைத்தார். இருவர் கையும் மூட்டையில் இருக்கும்போது படம் எடுத்தார். யார் இந்த அம்மா என்று கேட்டார். அண்ணன் கண்ணிமைக்காமல் சொன்னான்: "பாவம், வாங்க வந்த பொம்பளை."

அந்தப் பொய்தான் அவளைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் வேலையும் போயிருக்கும், திருட்டு வழக்கும் வந்திருக்கும். மறுநாள் பேக்கரி முதலாளி அதே பத்திரிகையை அவள் எதிரிலேயே விரித்துப் படித்தார். வேலைக்காரிகளின் முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத மனிதர், பக்கத்தைத் திருப்பிவிட்டார். ஆகவே முதல் மூன்று வருடம் அந்தப் பொய்க்காக அவள் அண்ணனுக்கு நன்றியோடுதான் இருந்தாள்.

அதற்குள் சங்கம் வளர்ந்துவிட்டது. ஒரு மூட்டை பத்தாயிற்று. சந்தைக்காரர்கள் மிஞ்சிய காய்கறியைக் கொடுத்தார்கள். ஓட்டை லாரி ஒன்று வந்தது. வெள்ளம் வந்த வருடம் மூன்று மாவட்டத்துக்கும் போனார்கள். இன்றைக்கு நாற்பத்திரண்டு இடங்களில் மூட்டை கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் காலை வரிசையில் பிள்ளைகள் மயங்கி விழுவது நின்றது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சில நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டில் ‘முதலில் சாப்பாடு’ என்று மட்டும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார். இதெல்லாம் உண்மை. இதில் எதையும் மாவக்கா மறுக்க மாட்டாள். பேக்கரி வேலையை விட்டு வந்தபிறகு இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் நின்றவள் அவள்தானே.

அந்தப் படமும் கூடவே வளர்ந்தது. லாரியில், உண்டியலில், சுவரொட்டியில். எல்லா இடத்திலும் அடிப்பகுதியை வெட்டிச் சங்கத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவரிலும் ஒன்றை ஒட்டினார்கள். "உங்கம்மா பிச்சை எடுத்தாங்களாமே" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, மகள் அதன் பல்லைப் பெயர்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு மாவக்கா அண்ணனிடம் போய், பேக்கரி வேலையைத்தான் விட்டுவிட்டேனே, இனி உண்மையைச் சொல்லலாமே என்றாள். "இப்ப அந்தப் படம்தான் எல்லாருக்கும் சோறு போடுது. மெதுவா பேசு" என்றான். ஐந்தாம் ஆண்டு மலரின்போதும் அதே பதில். பத்தாம் ஆண்டிலும் அதே பதில். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான் என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது மேசைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு அவன் குரலைத் தணித்தான். "புதுக் கிடங்குக்கு இடம் குடுத்தது யாரு? பேக்கரிக்காரரோட மகன். அவங்கப்பா பேரைத்தான் வைக்கிறோம். அவரை மேடைல உக்கார வச்சுட்டு, உங்கப்பா ரொட்டில நீலம் ஊத்தினாரு, என் தங்கச்சி திருடிட்டு வந்தான்னு சொல்லச் சொல்றியா?"

"நீலம் ஊத்தினவர் பேரு வாசல்ல. ஊத்த மாட்டேன்னவ படம் பிச்சைக்காரியா உள்ளே. நல்லா இருக்கு."

"நாப்பத்திரண்டு இடம் பாப்பா. உன் ஒருத்தி ரோஷத்துக்காக அதைக் கெடுக்கணுமா?"

பாப்பா என்று கூப்பிட்டால் ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம். கேட்டான். அடுத்த மாதம் விழாவன்று அவள் மேடை ஏற வேண்டும். படத்தில் இருப்பதுபோலவே அவன் ஒரு மூட்டை கொடுப்பான், அவள் வாங்கிக்கொள்ள வேண்டும். மைக்கெல்லாம் அவளுக்குக் கிடையாது, சும்மா நின்றால் போதும்.

"வரலைன்னா?"

"அந்த முதல் பொம்பளை செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டு வேற யாரையாவது நிறுத்துவேன்."

ரேடியோவின் கையிலிருந்து ஒரு டப்பா நழுவியது. மாவக்காவுக்கு அண்ணனை அடித்துவிடலாம் போலிருந்தது. பட்டாணி டப்பாவைத் தரம் பார்த்து, நல்ல வரிசையில் வைத்தாள்.

"வர்றேன்" என்றாள்.

மகளிடம் போனில் சொன்னபோது அவள் எரிந்து விழுந்தாள். "அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இத்தனை நாள் மாமா சொன்ன பொய். இப்ப மேடை ஏறிக் கை நீட்டினா நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் ஜென்மத்துக்கும் மாத்த முடியாது."

"தெரியும்டி."

"தெரிஞ்சு ஏன் போற?"

"போகலைன்னா என்னைச் சாகடிச்சுடுவான்" என்றாள் மாவக்கா. மகளுக்குப் புரியவில்லை. என்ன செய்யப்போகிறோம் என்று மாவக்காவுக்கும் உண்மையில் தெரியவில்லை. வாயைத் திறந்து கத்திவிட வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தாள். ஆனால் முந்நூறு பேருக்கு எதிரே, மைக் இல்லாமல், அறுபது வயதில் கத்தினால், கிழவிக்கு வெறி பிடித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே கிடங்கு வேலையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ரொட்டி போய் டப்பாக்கள் வர ஆரம்பித்த புதிதில், மூட்டை கைமாறும்போதெல்லாம் அடித்தையல் பிரிந்து, வாங்குகிறவர்கள் காலில் டப்பாக்கள் விழுந்தன. ஒரு பெரியவரின் கால்விரலே உடைந்துபோயிற்று. அன்றைக்கு மாவக்கா ஒரு சட்டம் போட்டாள். கொடுப்பவர் கை எப்போதும் மூட்டையின் அடியில் இருக்க வேண்டும். வாங்குபவர் மூட்டையின் கழுத்தைப் பிடித்தால் போதும். "பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டு, அவர் "ஆமா" சொன்ன பிறகே அடியிலிருந்து கையை எடுக்க வேண்டும். நாற்பத்திரண்டு இடத்திலும் புதிதாக யார் வந்தாலும் முதல் பாடம் இதுதான். கேட்காமல் கையை எடுத்தவர்களின் புறங்கையில் மாவக்கா நறுக்கென்று ஒன்று வைப்பாள். உலகம் வேறு மாதிரி. மேலே இருப்பதுதான் கொடுக்கிற கை என்று அது நினைத்துக்கொள்ளும். சங்கத் தலைவரும் உலகத்தோடு சேர்ந்தவர். அவர் மூட்டை தூக்கி இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

விழாவன்று காலை பத்து மணிக்கே புதுக் கிடங்கு நிறைந்துவிட்டது. நாற்பத்திரண்டு இடங்களிலிருந்தும் மூட்டை கொடுப்பவர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மேசைப் பெண்கள் பன்னிரண்டு பேர். மேடையில் பேக்கரிக்காரரின் மகன், கண்ணாடிபோல மின்னும் ஷூவோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான்.

மேடை ஓரத்தில் மூட்டை தயாராக இருந்தது. இப்போதெல்லாம் இரட்டைத் தையல் போட்ட பைகள்தான். ஆனால் படத்தில் இருப்பதுபோலவே வேண்டும் என்று அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய மாவு மூட்டையைப் பிடித்து வந்திருந்தான். பார்க்கக் கொழுக்மொழுக்கென்று தெரிய வேண்டுமாம். அதற்காக அலுவலகப் பையன்கள் கழுத்துவரை டப்பாக்களை அடைத்திருந்தார்கள். படி ஏறும்போது மாவக்காவின் கண் தானாகவே அடித்தையலுக்குப் போயிற்று. நூல் மக்கிப் பொடியாகியிருந்தது.

ரேடியோ எட்டி அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, அது தாங்காதுக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள் மாவக்கா.

அண்ணன் நன்றாகவே பேசினான். ஆலை மூடிய நாள், அழுத குழந்தைகள், அவன் தூங்காத இரவுகள். நீல ரொட்டி அதில் வரவில்லை. கடைசியில் சுவரை மூடியிருந்த துணியை இழுத்தார்கள்.

பத்தடி உயரத்துக்குப் படம் பெரிதாக வேண்டுமென்று பத்திரிகைக்காரரின் வீட்டிலிருந்து மூலப் படத்தையே வாங்கியிருந்தார்கள். வெட்டவில்லை, எழுத்தும் போடவில்லை, முழுப் படம். மாவக்கா அண்ணாந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஒரே ஒரு முறை பார்த்ததோடு சரி. அண்ணனின் கை மூட்டையின் கழுத்தைப் பற்றியிருந்தது. மூட்டையின் அடியில், ஐந்து விரலும் விரிந்து, பாரத்தைத் தாங்கிக்கொண்டு அவளுடைய கை இருந்தது. விரலிடுக்கில் மாவுகூடத் தெரிந்தது.

கூட்டம் தலைவரின் பெரிய முகத்தைப் பார்த்துக் கைதட்டியது. கையை யாரும் பார்க்கவில்லை.

"அந்த முதல் பெண்மணி இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்" என்று அண்ணன் அறிவித்தான். போட்டோக்காரர்கள் முன்னால் வந்தார்கள். அண்ணன் மூட்டையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி, சிரித்துக்கொண்டே அவள் பக்கம் நீட்டினான். மாவக்கா கையை நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். மூட்டையின் அடிக்கு ஒரு கையும் போகவில்லை.

டர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டப்பாக்கள் கொட்டின. ஒன்று பேக்கரிக்காரரின் மகன் ஷூமேல் விழுந்தது. ஒன்று மேடை விளிம்புவரை உருண்டு, யோசித்து, கீழே குதித்தது. அண்ணன் கையில் வெறும் துணி தொங்கியது.

"அடியில பிடிக்கக் கூடாதா சனியனே!" என்று பல்லைக் கடித்தான். காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டான். கிடங்கு முழுக்க அது கேட்டது.

மாவக்கா அவனுக்கு மிக அருகில் நின்றிருந்தாள். கத்தவே தேவையிருக்கவில்லை.

"அடியில கை வைக்க வேண்டியது குடுக்கறவங்க அண்ணா" என்றாள். அவன் காலரே அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோயிற்று. "அங்க பாரு. நான் வச்சிருக்கேன்."

முந்நூறு தலைகள் நிமிர்ந்தன. மூட்டை கொடுத்துக் கொடுத்துக் கை காய்த்துப்போன கூட்டம் அது. கழுத்தில் எந்தக் கை, அடியில் எந்தக் கை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரேடியோ எழுந்து நின்று, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

"அடப்பாவி மனுஷா! குடுத்தது எங்க அக்காதான்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ ஏசினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. பேக்கரிக்காரரின் மகன் ஷூவின் மேலிருந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் தனக்கு என்ன பங்கு என்று தெரியாமலே கேட்டுவிட்டார்: "அப்போ அந்த ரொட்டி எங்கேர்ந்து வந்தது?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். இருபத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்கப்பா கடையிலேர்ந்துதான் சார். மிஞ்சினதுல நீலம் ஊத்திப் பன்னிக்குப் போடச் சொல்லுவாரு. ஒன்பது நாள் ஊத்தினேன். அப்புறம் ஊத்தல."

அந்த மனிதரின் காது இரண்டும் சிவந்தன. எழுந்து போகப் பார்த்தார். ஆனால் இத்தனை கேமராவுக்கு எதிரே எழுந்து போவது உட்கார்ந்திருப்பதைவிட அசிங்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாவக்கா மேடை ஓரத்துக்குப் போனாள். வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த இரட்டைத் தையல் பைகளில் ஒன்றை எடுத்தாள். அடியில் கையைக் கொடுத்து, தூக்கிவந்து, அண்ணனுக்கு நேரே நீட்டினாள். போட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"இதுக்கு நீ பதில் சொல்லியாகணும்" என்றான், காலரைக் கையால் பொத்திக்கொண்டு.

"பதில் அப்புறம். பிடி."

வேறு வழியில்லை. பொத்தியிருந்த கையை எடுத்துப் பையின் கழுத்தைப் பிடித்தான், படத்தில் பிடித்திருந்தது போலவே. அவள் கையை எடுக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

"பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டாள்.

பாரம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. முன்வரிசையில் பன்னிரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு இடத்துக்காரர்களும் எழுந்தார்கள். எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"பிடிச்சுக்கிட்டியா அண்ணா?"

"ஆமா" என்றான் அண்ணன். மைக் அதையும் விடவில்லை.

மாவக்கா அடியிலிருந்து கையை எடுத்தாள்.